அந்த ட்யூபைக் கொடுத்தது நான்தான்



பதிவு நீளமானது. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைச் சகித்துக்கொண்டவர்கள் இதையும் சகித்துக்கொள்ளலாம். படிக்காமலே லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் பாடப்புத்தகத்துக்குள் வாரப் பத்திரிகை வைத்துப் படித்த அதே ஆட்கள்தான்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு தோல் க்ரீம் ட்யூபின் படம். கீழே, "படர்தாமரை, சேற்றுப்புண், தொடை இடுக்கு அரிப்பு எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும். ரெண்டே நாள்ல கேக்கும். மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க, டாக்டர் வேண்டாம்" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். ஓர் அத்தான், "சூப்பர் மருந்து, நான் மூணு வருஷமா இதுதான் போடுறேன்" என்று சான்றிதழ் வேறு கொடுத்திருந்தார். அத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருஷமாகப் போட வேண்டியிருக்கிறது என்றால் அது கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? இரண்டு நாளில் கேட்கிற மருந்தை எதற்கு மூன்று வருஷம் வாங்குகிறீர்கள்?

அந்த ட்யூபில் இருப்பது பூஞ்சைக் கொல்லி மட்டும் இல்லை. கூடவே கடுமையான ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பை அடக்கியது அந்த ஸ்டீராய்டு. பூஞ்சையை வளர்த்துவிட்டதும் அதே ஸ்டீராய்டு. இதைக் கடையில் கேட்டு வாங்குவது தப்பு, சீட்டு இல்லாமல் விற்பது தப்பு, படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது மூன்றாவது தப்பு. இந்த மூன்றில் ஒன்றுக்குச் சமமானதை நானே செய்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை கோபம்.

சொல்கிறேன்.

போன வருஷம் கோடை விடுமுறைக்கு என் தங்கை மகள் வந்திருந்தாள். பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். (இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதுங்க பெரியம்மா, பேரு மட்டும் போடாதீங்க" என்றாள். உறவுக்காரர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் அவளிடம் போய் விசாரிக்காதீர்கள்.) ஒருநாள் மத்தியானம், எல்லோரும் தூங்கும் நேரத்தில் என்னிடம் வந்து, தொடைப் பக்கம் வட்டமாகத் தடித்து அரிக்கிறது, அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றாள். பார்த்தேன். படர்தாமரை. முப்பத்திரண்டு வருஷம் பூஞ்சைகள் பாடம் நடத்தியவளுக்கு அதுகூடத் தெரியாதா? உடனே ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, என் வீட்டுக்காரர் வயலுக்குப் போய் வந்த சேற்றுப்புண்ணுக்காக வாங்கி வைத்திருந்த ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். "காலையும் ராத்திரியும் போடு, ரெண்டு நாள்ல போயிடும்."

போய்விட்டது. மூன்றாம் நாள் சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கும் பெருமை. ஊருக்குப் போகும்போது ட்யூபையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கே போன பத்தாம் நாள் திரும்ப வந்தது. திரும்பப் போட்டாள். அடங்கியது. நிறுத்தினாள். முன்னைவிட அதிகமாக வந்தது. ட்யூப் தீர்ந்ததும் காலி ட்யூபைக் காட்டித் தெருமுனைக் கடையில் இன்னொன்று வாங்கினாள். பதினாறு வயதுப் பெண் காலி ட்யூபை நீட்டினால், யாருக்கு, எதற்கு, எத்தனை நாளாக என்று ஒரு கேள்வி இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். இப்படி ஆறு மாதம். கார்த்திகையில்தான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் இடுப்பு, வயிறு, முதுகு என்று பரவிவிட்டது. வட்டம் என்று சொல்ல முடியாத ஒரு கோலம். வட்டத்துக்குள் வட்டம், பாதி அழிந்த ஓரங்கள். இரண்டு தொடைகளின் உட்புறமும் கரு ஊதா நிறத்தில் விரல் அகலத்துக்குக் கோடு கோடாக, பிள்ளை பெற்றவள் வயிற்றில் இருக்குமே, அதைவிட ஆழமான வரிகள்.

அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா பிளேடின் மழுங்கிய பக்கத்தால் தோலின் ஓரத்தைச் சுரண்டி, செதிலை ஸ்லைடில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். நான் பாட்டனி டீச்சர் என்று தங்கை சொல்லியிருந்ததால், "பாக்குறீங்களா மேடம்?" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். பார்த்தேன். கிளை பிரிந்து, குறுக்குச் சுவரோடு ஓடும் இழைகள். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் வரைந்து, "பாகங்களைக் குறி" என்று உங்களிடம் ஐந்து மார்க்குக்குக் கேட்ட அதே ஹைஃபா. நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை.

"பூஞ்சை போயிடும், நாளாகும். ஆனா அந்த வரி போகாது. கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. அந்த வரிகள் இனி அவள் உடம்பில் இருக்கும். கொடுத்தது நான்.

இப்போது பாடத்துக்கு வருவோம். நோட் எடுக்க வேண்டாம், காது கொடுத்தால் போதும்.

படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை நம் தோலின் மேல் அடுக்கில் இருக்கும் கெரட்டினைத் தின்று வாழ்வது. செத்த அடுக்கில்தான் குடியிருக்கும், உள்ளே போகாது. அது வந்திருப்பதைக் கண்டுபிடித்து விரட்ட நம் உடம்பு ரத்தத்தையும் வெள்ளணுக்களையும் அந்த இடத்துக்கு அனுப்புகிறது. நாம் பார்க்கும் சிவப்பு, தடிப்பு, அரிப்பு எல்லாம் அந்தச் சண்டைதான். பூஞ்சைக் கொல்லி என்ன செய்யும்? பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் தேவை. நமக்குக் கொலஸ்ட்ரால் எப்படியோ, அதற்கு அது அப்படி. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லுலிகோனசோல் எல்லாம் அந்த எர்கோஸ்டெரால் உற்பத்தியை ஓரிடத்தில் தடுக்கும். டெர்பினஃபைன் இன்னும் ஒரு படி முன்னாலேயே தடுக்கும். சவ்வு சரியாக உருவாகாமல் பூஞ்சை சாகும். இதற்கு வாரக் கணக்காகும். முதல் இரண்டு நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஸ்டீராய்டு என்ன செய்யும்? சண்டையை நிறுத்தும். நம் பக்கத்து ஆட்களைத் தூங்க வைக்கும். சிவப்பு போகும், அரிப்பு போகும். திருடன் உள்ளே இருக்கும்போது குரைக்கிற நாய்க்கு மயக்க மருந்து வைத்தால் வீடு அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியைத்தான் "சூப்பர் மருந்து" என்று அத்தான் சொல்கிறார்.

ட்யூபில் பூஞ்சைக் கொல்லியும் இருக்கிறதே, அது திருடனைப் பிடிக்காதா என்று முன் பெஞ்ச் கேட்கும். நல்ல கேள்வி. இரண்டு நாளில் அரிப்பு நின்றதும் நாம் க்ரீமை நிறுத்திவிடுகிறோம். பூஞ்சைக் கொல்லிக்குத் தேவை வாரக் கணக்கு, கிடைத்தது இரண்டு நாள். சரி, நிறுத்தாமல் மாதக் கணக்கில் போட்டால்? அப்போது ஸ்டீராய்டு தோலைத் தின்னும். தோல் காகிதம் போல் மெலியும், உள்ளே இருக்கும் நார்கள் அறுந்து வரி விழும். முகத்தில் போட்டால் ரத்தக் குழாய் தெரியும், பரு வெடிக்கும், முடி முளைக்கும். தொடை இடுக்குத் தோல் முன்கைத் தோலைவிடப் பல மடங்கு மருந்தை உறிஞ்சும். ஒட்டி மடிந்து புழுங்கும் இடம் வேறு. சின்னக் குழந்தைகளுக்கு நிறைய பூசினால் தோலோடு நிற்காமல் ரத்தத்துக்குள் போய், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டையே அது குறைத்துவிடும். ஆக, சீக்கிரம் நிறுத்தினாலும் கெடுதல், நிறுத்தாவிட்டாலும் கெடுதல்.

அதோடு நோயின் அடையாளமும் மாறிப்போகும். வட்டம், ஓரத்தில் தடிப்பு, நடுவில் தெளிவு என்று பார்த்ததும் சொல்லக்கூடிய நோய், எதுவென்றே தெரியாத ஒன்றாக ஆகிவிடும். டாக்டர்கள் அதற்கு 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாறுவேடம் போட்ட படர்தாமரை. வேஷம் கட்டிவிட்டது நாம்.

அந்த ட்யூபை எடுத்து, பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல் இருக்கும் எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பல பெயர்கள் இருக்கும். க்ளோபெட்டசால் ஒன்று. இது ஸ்டீராய்டு, அதிலும் மிகக் கடுமையான வகுப்பைச் சேர்ந்தது. பூஞ்சைக்கு ஒன்று. பாக்டீரியாவுக்கு ஆஃப்ளாக்சசின், நியோமைசின், ஜென்டாமைசின் என்று ஒன்று. அமீபாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கிற ஆர்னிடசோல் ஒன்று. தொடையில் வந்த படர்தாமரைக்கு வயிற்றுப்போக்கு மருந்து எதற்கு என்று ஒருவராவது கேட்டோமா? எது வந்திருக்கிறது என்று பார்க்காமலே விற்பதற்காகத்தான் இப்படி எல்லாவற்றையும் கலக்கிறார்கள். பூஞ்சையா, பாக்டீரியாவா, கரப்பானா என்று யாரும் யோசிக்க வேண்டாம். இருட்டில் ஐந்து கல் எறிந்தால் ஒன்று பட்டுவிடும், மற்ற நான்கு யார் தலையில் விழுந்தால் என்ன? மருந்துக் கம்பெனிக்கு ஒரே ட்யூபில் எல்லா வியாபாரமும் முடிகிறது. கடைக்காரருக்கு யோசிக்கிற வேலை மிச்சம்.

ஓர் எச்சரிக்கை. க்ளோபெட்டசால், க்ளோட்ரிமசோல் இரண்டும் 'க்ளோ' என்றுதான் தொடங்கும். முன்னது ஸ்டீராய்டு, பின்னது பூஞ்சைக் கொல்லி. அவசரத்தில் மாறிப்போகும். பெட்டசால் என்றோ, மெத்தசோன், மொமெட்டசோன் என்றோ, ஃப்ளுவோசினோலோன் என்றோ எங்கேயாவது கண்ணில் பட்டால் அது ஸ்டீராய்டு. கீழே வையுங்கள்.

ஸ்டீராய்டு க்ரீமே விஷம் என்று நான் சொன்னதாக நாளைக்கு யாரும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு வந்தபோது தோல் நோய்களுக்கு அது பெரிய விடிவு. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் இன்றைக்கும் டாக்டர் பார்த்து, இந்த இடத்தில், இத்தனை நாள் என்று கொடுத்தால் அது நல்ல மருந்து. படர்தாமரை மேல் நாமாகப் பூசினால்தான் வினை.

இனி மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் செல்வங்களுக்கு. எனக்குத் தெரிந்து நாலு பேர் இருக்கிறீர்கள். உங்களோடு எனக்கு நேராகப் பேச வேண்டும்.

தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை நம் மருந்துச் சட்டத்தில் ரொம்ப காலம் ஓட்டை வழியாக விட்டிருந்தார்கள். அட்டவணை எச்-ல் ஸ்டீராய்டு இருந்தது, ஆனால் மேலே பூசும் களிம்புகளுக்கு விலக்கு என்று இருந்தது. தோல் மருத்துவர்களின் சங்கம் இதற்கென்றே ஒரு குழு அமைத்துக் கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் 2018-ல் பதினான்கு ஸ்டீராய்டுகளைப் பூசும் வடிவத்திலும் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று அரசு கொண்டுவந்தது. சில கலவை க்ரீம்களைத் தடையும் செய்தார்கள், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, அது ஒரு தனிக்கதை. இதெல்லாம் எனக்கே தெரியும்போது உனக்குத் தெரியாதாடா? ட்யூபில் சிவப்புக் கோடு போட்டு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று எழுதியிருப்பதைத் தினமும் கையில் எடுத்துக் கொடுக்கிறவன் நீ.

"டீச்சர், நான் இல்லேன்னு சொன்னா அடுத்த கடையில வாங்கிக்குவாங்க" என்பாய். காப்பி அடித்தபோதும் இதையேதான் சொன்னீர்கள், "எல்லாரும் அடிக்கிறாங்க டீச்சர்" என்று. அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டேனா? சரி, வியாபாரம் பண்ணுகிறவனின் கஷ்டம் எனக்கும் புரியும். அதனால் உன்னிடம் கேட்பது சின்ன விஷயம். ட்யூப் கேட்டு வருகிறவரிடம் வெறும் க்ளோட்ரிமசோல் க்ரீமை எடுத்துக் கொடு. விலையும் குறைவு. "அக்கா, இதுல ஸ்டீராய்டு இல்ல. ரெண்டு நாள்ல கேக்காது, வாரக் கணக்காப் போடணும், பரவினா டாக்டர்ட்ட காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல். நாலு பேரில் ஒருவர் முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். போகட்டும். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை காலி ட்யூபை நீட்டினால் கொடுக்காதே. அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

உறவுக்காரர்கள் பக்கத்து வாதமும் எனக்குத் தெரியும். "தோல் டாக்டர் ஃபீஸ் ஐந்நூறு, மருந்து எண்ணூறு, ஒருநாள் கூலி போச்சு, ட்யூப் நூறு ரூபாய்க்குள்ள முடியுது." இது வெறும் சாக்கு இல்லை, உண்மை. ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் பிடிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு டாக்டர் என்பது தூரம்தான். ஆனால் கணக்கைக் கடைசி வரை போடுங்கள். என் தங்கை மகள் ஆறு மாதத்தில் வாங்கியது பதினொரு ட்யூப். அதற்குப் பிறகு சரியாக்க நாலு மாதம், மாத்திரையும் களிம்பும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது, சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். இ.எஸ்.ஐ. பிடிக்கிறவர்களுக்கு அங்கே உரிமை இருக்கிறது. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் மருந்து விலை குறைவு. பிராண்டு பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

முன்பெல்லாம் இத்தனை பிடிவாதமாக இருந்ததில்லையே என்று என் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். சரிதான். நம் சின்ன வயதில் படர்தாமரை வந்தால் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசுவார்கள். வண்டுகொல்லி என்றும் சொல்வோம், மஞ்சள் பூ மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிற்குமே, அதுதான். ஆங்கிலத்திலும் அதற்குப் படர்தாமரைச் செடி என்றுதான் பெயர். அப்புறம் விட்ஃபீல்டு களிம்பு. பென்சாயிக் அமிலம் ஆறு பங்கு, சாலிசிலிக் அமிலம் மூன்று பங்கு. எரியும், நாறும், ஆனால் வேலை செய்யும். ஏனென்றால் அன்றைக்கு இருந்த பூஞ்சை வேறு, இன்றைக்கு நம் ஊரில் பரவிக்கொண்டிருப்பது வேறு. டெர்பினஃபைனுக்கு எளிதில் அடங்காத ஒரு வகை நம் நாட்டில் பரவி, 2020-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பெயரிலேயே இந்தியா இருக்கிறது பாருங்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது இருந்ததாக அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. அதில் ஒருவர் அண்மையில் வெளிநாட்டுக்குப் போகாதவர். இது இப்படிப் பெருகியதற்குப் புழுக்கம், நெரிசல், இறுக்கமான உடை, அரைகுறை மருந்து என்று பல காரணம் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு கலவை க்ரீமைக் கண்டபடி பூசியதைத் தோல் மருத்துவர்கள் முக்கியமாகச் சுட்டுகிறார்கள்.

நியூயார்க் என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பாடத்துக்கு வெளியே ஒரு கதை சொல்வேன், நினைவிருக்கிறதா? எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண் விஞ்ஞானிகள். ஒருவர் நியூயார்க் நகரத்தில், மற்றவர் ஆல்பனியில். மாதிரிகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் தபாலில் அனுப்பி அனுப்பியே ஆராய்ச்சி செய்தார்கள். 1950-ல் ஈஸ்ட் பூஞ்சையைக் கொல்லும் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். தங்களுக்குச் சம்பளம் கொடுத்த நியூயார்க் மாநிலத்தின் பெயரையே வைத்து நிஸ்டாட்டின் என்றார்கள். காப்புரிமையில் வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கும் மேலான பணத்தை ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்கள் ஊர்ப் பெயர் மருந்துக்குப் போனது, நம் நாட்டுப் பெயர் பூஞ்சைக்கு வந்திருக்கிறது. எனக்கு இது வலிக்கிறது. உங்களுக்கு?

அந்த ஈஸ்ட் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தப் பத்தி பெண்களுக்கு, ஆண்கள் படித்தாலும் குற்றமில்லை. கேண்டிடா என்பது நம் உடம்பிலேயே வாழும் ஈஸ்ட். ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்ட பிறகோ, கர்ப்ப காலத்திலோ, சர்க்கரை கூடினாலோ பெருகும். மார்புக்கு அடியில், தொடை மடிப்பில், பிறப்புறுப்பில் வரும். தயிர் திரிந்தது போல் வெள்ளைப்படுதல், தாங்க முடியாத அரிப்பு. இதை யாரிடமும் சொல்லாமல் அதே ட்யூபை அங்கேயும் பூசுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். பூசாதீர்கள். அந்த இடத்துக்கென்று க்ளோட்ரிமசோல் மாத்திரையே தனியாக உண்டு. ஆனால் வெள்ளைப்படுதல் எல்லாமே ஈஸ்ட்டும் இல்லை, வேறு கிருமியாலும் வரும், ஆகவே ஒருமுறை காட்டிவிடுங்கள். வருஷத்துக்கு மூன்று நாலு முறை திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். என் அண்ணி ஒருவர் மார்புக்கு அடியில் வெந்து போனதுபோல் இருக்கிறது என்று இரண்டு வருஷம் இந்த ட்யூபைப் பூசிக்கொண்டிருந்தார். கடைசியில் சர்க்கரை முந்நூற்றுச் சொச்சம். தோல் இரண்டு வருஷமாகச் சொன்னதை ட்யூப் மூடி மறைத்திருக்கிறது.

தேமலையும் இதில் சேர்க்காதீர்கள். அதுவும் ஒரு ஈஸ்ட்தான், எண்ணெய்ப்பசை தின்பது. கீட்டோகோனசோல் ஷாம்பு, களிம்பு எல்லாம் கேட்கும். ஆனால் பூஞ்சை செத்த பிறகும் வெளுத்த நிறம் மாதக் கணக்கில் இருக்கும், மருந்து கேட்கவில்லை என்று பயப்பட வேண்டாம். பிள்ளைகளின் முகத்தில் வெள்ளைத் திட்டு வந்தால் வயிற்றில் பூச்சி என்று மாத்திரை கொடுக்கிற பழக்கத்தையும் விடுங்கள். பெரும்பாலும் அது வறண்ட தோல். வெளுத்த திட்டில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம், முழுதாகக் குணப்படுத்தக்கூடிய நோய், மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

அப்படியானால் வெறும் பூஞ்சைக் கொல்லி க்ரீமை எப்படிப் போடுவது என்று கேட்பவர்களுக்கு, டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். குளித்துவிட்டு ஈரம் போகத் துடைத்து, ஒரு நாளைக்கு இரண்டு வேளை (சில க்ரீமுக்கு ஒரு வேளைதான், எழுதியிருப்பதைப் பாருங்கள்). வட்டத்தின் மேல் மட்டும் போடாமல் ஓரத்தைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை. தோல் சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் இன்னும் இரண்டு வாரம். துணிகளைத் தனியாகச் சுடுதண்ணீரில் துவைத்து, வெயிலில் உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போட்டு, முடிந்தால் இஸ்திரி. துண்டு, சோப்பு ஆளுக்கொன்று. வீட்டில் யாருக்கெல்லாம் அரிக்கிறதோ எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும், இல்லையென்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். லெகின்ஸும் ஜீன்ஸும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அரைஞாண் கயிறு கட்டியிருக்கும் ஆண்களே, அந்தக் கறுப்புக் கயிறு வியர்வையில் ஊறிப் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. அறுத்தெறிய மனசில்லையென்றால் வெள்ளிக்கு மாறுங்கள். தங்கை மகளுக்குக் குணமாகி ஒரு மாதத்தில் தங்கை வீட்டுக்காரருக்கு இடுப்பில் வந்தது. கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்று ஒரு வாரம் சண்டை. கடைசியில் டாக்டரம்மாவே கத்தரித்தார்.

ஏற்கெனவே அந்த ட்யூபை மாதக் கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தினால் முதல் வாரம் அரிப்பும் சிவப்பும் இரட்டிப்பாக வரலாம். பயந்து திரும்ப அதையே எடுக்காதீர்கள். அந்த வாரம்தான் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டிய வாரம். மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் அவற்றில் உண்டு, நீங்கள் சாப்பிடும் வேறு மாத்திரையோடு ஒத்துப்போகாமலும் போகலாம்.

எனக்கு இன்பாக்ஸில் தொடைப் படம், முதுகுப் படம் எதுவும் அனுப்பாதீர்கள். நான் டாக்டர் இல்லை, பாட்டனி டீச்சர். ஒரு தடவை டாக்டர் வேலை பார்த்து என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன். ட்யூபின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால், ஸ்டீராய்டு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் படித்துச் சொல்கிறேன்.

இப்போது எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவு, பீரோ மேல்தட்டு, சாமி அறை அலமாரி எல்லாவற்றையும் பாருங்கள். அந்த மாதிரி ட்யூப் உங்கள் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று கமெண்டில் எண்ணை மட்டும் எழுதுங்கள். என் வீட்டில் மூன்று இருந்தன. அதில் ஒன்றின் தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.